பின்வரிசையில் ஜே. மாணிக்கம்

தம்பி ஜெஸ்வினை அடக்கம் செய்து சில வாரங்கள் கழிந்த ஒரு மாலையில், அவனுடைய மடிக்கணினியை அணைத்து அலமாரியில் வைத்துவிடலாம் என்றுதான் பெர்சிஸ் அதைத் திறந்தாள். அவன் மூடாமல் விட்டிருந்த ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து காத்திருந்தது. 'ஜெஸ், சில வாரங்களாக நீ பயிற்சியைச் சரியாகப் போடவில்லை. எங்கே போய்விட்டாய்?'

இறந்துவிட்டான் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தச் சொல்லைக் காலாடிப்பேட்டை முழுக்கச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டிருந்தது. பால் வண்டிக்காரர், சபை மூப்பர், வங்கி, அவன் வேலை பார்த்த எண்ணூர்த் துறைமுகம் என்று ஒருவர் பாக்கியில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை. 'காய்ச்சல்' என்று தட்டினாள். 'உடம்பைப் பார்த்துக்கொள், அவசரமில்லை' என்று உடனே பதில் வந்தது. அந்தப் பதிலைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஜெஸ்வினுக்கு வெறும் காய்ச்சல்.

பெர்சிஸுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கப்பல் சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. அப்பா வேதமாணிக்கம் சின்ன வயதில் நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். யானைக்கவுனியில் மூட்டை தூக்கி, பிறகு இங்கே மளிகைக்கடை போட்டார். கீழே கடை, மேலே வீடு. ஜெஸ்வின் புதுக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தும் டிரைவர். நாள் முழுக்கப் பளபளக்கும் கார்களை ஓட்டிவிட்டு, பழைய பைக்கில் எண்ணூர் நெடுஞ்சாலையில் வீடு திரும்புவான். அந்தச் சாலையில் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே எல்லோரும் திரும்பும் மாதிரித்தான் அன்றும் திரும்பினான்.

கணினியில் இருந்தது அமெரிக்கக் கால்பந்தை வைத்து நடக்கும் ஒரு லீக். பெயர்தான் கால்பந்து, காலால் உதைப்பது எப்போதாவதுதான். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஒரு கூட்டம் முன்னேறும், இன்னொரு கூட்டம் மோதித் தடுக்கும். இந்த லீகில் சேருகிறவர்கள் ஆளுக்கோர் ஆட்டக்காரனை உண்டாக்கி, பெயர் வைத்து, வாராவாரம் கிடைக்கும் பயிற்சிப் புள்ளிகளை வேகம், பிடி, பலம், டாக்கிள் என்று பிரித்துப் போட்டு வளர்ப்பார்கள். ஆட்டத்தைக் கணினியே ஆடிவிடும். வளர்த்தவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஊரடங்கில் உலகத்தின் மைதானமெல்லாம் பூட்டிக் கிடந்தபோது இது மட்டும் ஓடியது. ஜெஸ்வினும் அவன் தோஸ்து தௌசீஃபும் மொட்டைமாடியில் உட்கார்ந்து இதில் சேர்ந்தார்கள். தௌசீஃப் சீக்கிரமே சலித்துப் போய் விட்டுவிட்டான். ஜெஸ்வின் விடவில்லை. அவன் ஆட்டக்காரனின் பெயர் ஜே. மாணிக்கம். நிற்கும் இடம், சேஃப்டி. தடுக்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் நிற்கிற கடைசி ஆள். அவனையும் தாண்டிவிட்டால் பிறகு வெறும் புல்வெளிதான்.

காய்ச்சல் என்று சொன்னவள் அடுத்த வாரம் குணமாகிவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு புள்ளிகளையும் போட வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரிந்த கால்பந்து திருவொற்றியூர் மைதானத்துக் கால்பந்து. அங்கே ஜெஸ்வின் பேக், கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன். பேக் தன் இடத்தை விட்டு மேலே ஏறினால் கோட்டுக்கு வெளியிலிருந்து கோச் அவன் குடும்பத்தையே சேர்த்து வைவார். சேஃப்டியும் அதே பேக்தானே என்று அவள் கணக்குப் போட்டாள். ஆகவே எல்லாப் புள்ளிகளையும் வேகத்திலும் பிடியிலும் கொட்டினாள். ஜே. மாணிக்கம் பின்னாலேயே நிற்பான், தூரத்திலிருந்து வரும் பந்தை ஓடிப்போய்ப் பறிப்பான், யார் மேலும் போய் இடிக்க மாட்டான்.

உண்மையில் அது பாதிக் காரணம்தான். டாக்கிள் என்றால் ஓடி வருகிறவன் மேல் முழு உடம்போடு போய் மோதுவது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி, 'இது உங்க தம்பியா, பாத்துச் சொல்லும்மா' என்று கேட்டபோது பார்த்துச் சொன்னவள் அவள். டாக்கிள் என்ற வரிக்கு நேரே அம்புக்குறியைக் கொண்டு போனாலே அவள் கை திரும்பிவிடும்.

ஆட்டங்கள் அமெரிக்காவில் இரவு நடக்கும். இங்கே அது பால் பாக்கெட் வந்திறங்கும் காலை நேரம். திரையில் ஆட்கள் கிடையாது; எண் போட்ட வட்டங்கள் நகரும், பக்கத்தில் வரி வரியாக வர்ணனை ஓடும். 'பந்தைப் பறித்தது ஜே. மாணிக்கம்' என்று வரும்போதெல்லாம் அவள் டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள். அம்மா ஞானசெல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருகூடட்டி பேசுத?" என்பாள். தான் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் பெர்சிஸுக்குத் தெரியும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில்தான் அது அவள் கண்ணில் பட்டது. டாக்கிள் ஏறியிருந்தது.

அவள் தொடவே தொடாத எண். மறந்து எப்போதோ அழுத்தியிருப்போம் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரமும் ஒரு படி ஏறியிருந்தது. புள்ளிகள் திங்கட்கிழமை விடியும் முன்பே கணக்கில் வந்து சேரும். அவள் அலுவலகம் போய் வந்து மாலையில் போடுவது வழக்கம். இந்த முறை காலையில் பல் விளக்கிய கையோடு திறந்து பார்த்தாள். அதற்குள்ளாகவே ஒரே ஒரு படி, டாக்கிளில் மட்டும். மிச்சப் புள்ளிகள் அவளுக்காக வைத்தது போல அப்படியே இருந்தன.

கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் மாற்றவில்லை. வேறு யாராவது என்றால் வெளியே நிற்பார்கள், சரி. அவனாக இருந்தால்? தம்பி வீடு திரும்பும் நேரத்தில் உள்ளே தாழ் போடுவதா? இப்படி யோசிப்பது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாடிப்படியில் சத்தம் கேட்டால் யாருடைய நடை என்று காது தானாகவே பிரித்துப் பார்த்தது. மணலி ஆலைகளின் காற்று திரும்பி கெட்ட முட்டை வாசனை அடிக்கிற விடியல்களில்கூட அவன் போட்டுக்கொள்ளும் மலிவு சென்ட் மட்டும் தனியாக வந்து போனது.

தை மாதத்தில் அணி மேனேஜரிடமிருந்து, முதல் நாள் எங்கே போய்விட்டாய் என்று கேட்டவரிடமிருந்துதான், செய்தி வந்தது. ஒஹையோவில் மரக்கடை வைத்திருக்கும் மனிதர், நல்ல மாதிரி. 'ஜெஸ், உன் ஆளுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் பின்னாலேயே நிற்கப் பார்க்கிறான். இன்னொருவன் முன்னால் போய் அடிக்கப் பார்க்கிறான். டாக்கிள் ஏறியதால் கணினி அவனை முன்னே இழுக்கிறது, அவன் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறான், பந்து தலைக்கு மேலே போகிறது. இதனாலேயே மூன்று ஆட்டம் தோற்றோம். அடுத்த வார இறுதி நாக்-அவுட். அதற்குள் நீ ஒருவனைத் தேர்ந்தெடு. இல்லாவிட்டால் நான் வேறு ஆளை இறக்கி, இவனை வெளியே உட்கார வைக்க வேண்டியிருக்கும்.'

வெளியே உட்கார்ந்தால் வர்ணனையில் பெயர் வராது. ஒரு சீசன் முழுக்கப் பெயர் வராத ஆட்டக்காரனை லீக் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். மேனேஜர் சாதாரணமாக எழுதியதை அவள் நின்றபடி இரண்டு தடவை படித்தாள். அன்று மாலையே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் தௌசீஃபின் மொபைல் சர்வீஸ் கடைக்குப் போனாள்.

"வாக்கா. இன்னா இந்தப் பக்கம்? ஃபோன் கீய போட்டுக்கினியா?"

"தௌசீஃபு, நேரா கேக்கறேன். ஜெஸ்வின் கேமை நீ தொறந்து விளையாடறியா?"

"நானா? எனக்கு இந்தக் கடயே பெரிய கேமா கீது." சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "அவன் போனப்புறம் நா அத்த தொறக்கலக்கா. மன்சு கேக்கல. ஏன், இன்னா ஆச்சு?"

சொன்னாள். அவன் சட்டையை விலக்கி நெஞ்சில் ஊதிக்கொண்டான். "பேஜாரு பண்ணாதக்கா. சாயங்கால நேரத்துல. ஒரு தாயத்து வாங்கித் தரட்டா?"

"அதைக் கட்டிக்கிட்டு கோயில்ல பாட்டு பாடட்டுமா? எங்க பாஸ்டருக்கு நீயே பதில் சொல்லு. இதுல யார் வந்து போறான்னு பார்க்க முடியுமா, முடியாதா?"

அவள் கணினியை வாங்கி எதையோ தேடினான். தேடத் தேட முகத்திலிருந்த கேலி போய்விட்டது. "ரெண்டு மிஷின்ல தொறந்து கீது. ஒண்ணு இது. இன்னொண்ணு ஃபோனு." திரையை அவள் பக்கம் திருப்பினான். "யக்கா, இது அவன் ஃபோனு. நாந்தான டிஸ்ப்ளே மாத்திக் குட்தேன்."

"அந்த ஃபோன் நொறுங்கிப் போச்சு. ஸ்டேஷன்ல போய் சாமானெல்லாம் வாங்கிட்டு வந்தப்ப அப்பா சொன்னாரு."

"நொறுங்குன ஃபோனு திங்கக்கெழமயானா முயிச்சிகினு வருதா?"

பேருந்தில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கேள்வியை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் அது, ஃபோன் நொறுங்கிவிட்டது என்று சொன்ன ஒரே ஆளைத்தான் காட்டியது. அவளுக்கு அழுகை வந்தது. தம்பி வரவில்லை என்பதற்காக வந்த அழுகை என்று பிற்பாடுதான் புரிந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும், கடைக்கு இறங்கும் உள்படியில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தாள். அப்பா ஷட்டரைத் தூக்கி, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, கல்லாவுக்கு முன்னால் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். மீன்கூடையோடு காசிமேட்டுக்குக் கிளம்பிய ரோஸ்மேரி வந்து நின்றாள்.

"இன்னா அண்ணாச்சி, போணி ஆச்சா?"

"உன் கையாலதாம்மா ஆகணும்."

"அப்போ ரெண்டு டீத்தூள் பாக்கெட்டு குடு. என் கை ராசியான கை. இன்னிக்கு நீ கடய மூட நேரமில்லாம அல்லாடப் போற பாரு."

வாங்கிய நோட்டை அப்பா கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். ரோஸ்மேரி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்லாவின் அடியிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்துப் பிரித்தார். மூலையில் திரை விரிசல் விட்ட ஜெஸ்வினின் ஃபோன். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டு, எதையோ தேடி, ஒரே ஒரு முறை அழுத்தினார். அழுத்திய விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், நோட்டை ஒற்றிய மாதிரியே.

"அப்பா."

அவர் திடுக்கிடவில்லை. துண்டை மட்டும் ஃபோன் மேலே இழுத்துவிட்டார். "உங்க அம்மைக்குத் தெரிய வேண்டாம்ட்டி."

"எதுக்குப்பா?"

"போணி." அது போதும் என்பது போல நின்றார். பிறகு அவராகவே தொடர்ந்தார். "திங்கக்கிழமையானா பய வந்து நிப்பான். 'நைனா, உன் கைராசிக்கு ஒரு போணி போடு'ம்பான். அப்பான்னு கூப்பிடுலேன்னு சொன்னா கேக்க மாட்டான். இந்த வரி, பாரு, இதைக் காட்டித் தந்தான். இது அடி. ஆளை மடக்கிப் போடுதது. வாரத்துக்கு முதல் தட்டு நான் தட்டுவேன், மிச்சத்தை அவன் பாத்துக்கிடுவான். நாலு வருசமா நடந்தது. கடைக்குப் போணி நிக்கலாமா? அதான் நிறுத்தல."

"சரிப்பா. அவ்வளவுதானே?"

"அவ்வளவு இல்ல." அவர் குரல் இறங்கியது. துண்டை விலக்கி ஃபோனை அவள் பக்கம் திருப்பினார். "இந்த மேல் வரி ஓட்டம். இதை நான் தொட்டதே கிடையாது, கர்த்தர் மேல ஆணை. அவன் போகும்போது எம்பதுகூட இல்ல. இப்ப பாரு. வாராவாரம் ஏறுது. நான் காலையில ஒரு தட்டு தட்டுதேன், சாயங்காலம் பாத்தா மிச்சத்தை அவன் போட்டு வச்சிருக்கான்."

பெர்சிஸ் படியிலிருந்து இறங்கி வந்து அந்த எண்ணைப் பார்த்தாள்.

"நான் கிறுக்கன் இல்லட்டி. மண்ணு போட்டது இந்தக் கைதான். தெரியாதா எனக்கு? ஆனா யாரு போடுதா? நீ படிச்சவ. சொல்லு, யாரு போடுதா?"

நான்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. அப்பாவின் கண் அவள் உதட்டிலேயே இருந்தது. தௌசீஃபின் கடையிலிருந்து பேருந்தில் வந்தபோது தன்னிடமிருந்து போனதை இந்த மனிதரிடமிருந்தும் இப்போது, இந்தப் பால் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து, பிடுங்க வேண்டும்.

"தெரியலப்பா," என்றாள்.

"ஓடிட்டே இருக்கான்," என்றார் அவர், ஃபோனைப் பார்த்துக்கொண்டு. "நான் நில்லுங்கேன், அடிங்கேன். அவன் ஓடிட்டே இருக்கான். எங்க ஓடுதான்னுதான் விளங்கல."

அன்று முழுக்க அலுவலகத்தில் அவள் சரிபார்த்த காகிதங்களை மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒருவனைத் தேர்ந்தெடு என்று மேனேஜர் கேட்டிருந்தார். பின்னால் நிற்பவனை வைத்துக்கொள்வது சுலபம். டாக்கிளைக் குறைக்கச் சொல்லி எழுதினால் அவரே குறைத்துவிடுவார். அப்பாவின் போணி ஒவ்வொன்றாக அழிந்து, அடுத்த திங்கட்கிழமை அந்த வரி நாலு வருடத்துக்கு முந்தைய எண்ணில் நிற்கும். மகன் அப்பாவின் கையைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கும். முன்னால் போய் அடிக்கிறவனை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அவனை அனுப்ப வேண்டியவள் அவள். இத்தனை மாதம் எந்த மோதலுக்கும் போகவிடாமல் பின்னாலேயே பிடித்து வைத்திருந்தவள்.

மாலையில் 'அடிக்கிறவன்' என்று மேனேஜருக்கு எழுதினாள். வேகத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த புள்ளிகளை எல்லாம் டாக்கிளிலும் பலத்திலும் போட்டாள்.  முடிந்ததும் முகம் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். பின்னால் யாரோ கடந்துபோன மாதிரி இருந்தது. அவள் திரும்பவில்லை. இனிமேல் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் உடம்பு பழக்கத்தை விடவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவே மாடிக்கு வந்துவிட்டார். அந்த முழங்காலோடு படியேறி வருகிறவர் அல்ல.

"கேட்டுட்டாம்ட்டி!" அம்மா காதில் விழாமல் மெதுவாகத்தான் சொன்னார். "அடி எங்கேயோ போயிட்டு. நான் தட்டினது ஒண்ணு. மிச்சம் பூராவையும் அதுலயே போட்டிருக்கான். இத்தனை வருசத்துல முதல் தடவையா நான் சொன்னதைக் கேட்டிருக்கான். நின்னுட்டான் பாரு."

"ம்," என்றாள்.

"ஆட்டம் எப்போ?"

"சனிக்கிழமை காலையில. கடை தெறந்திருக்கும்போதுதான்."

"இருக்கட்டும். காட்டு எனக்கு. இதுவரைக்கும் நான் ஆட்டத்தைப் பாத்ததே இல்ல."

சனிக்கிழமை தராசின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்தார்கள். எடை போட வந்தவர்களுக்கெல்லாம் அப்பா பொட்டலமாகவே எடுத்துக் கொடுத்தார். வட்டங்கள் எதிரும் புதிருமாக வரிசை கட்டின. ஜே. மாணிக்கத்தின் வட்டம், முப்பத்தொன்று என்ற எண் போட்டது, இந்த முறை பின்னால் நிற்கவில்லை. முன் வரிசைக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. எதிரணியின் ஓட்டக்காரன் பந்தோடு இடைவெளியைப் பிளந்துகொண்டு வந்தான். முப்பத்தொன்று நகர்ந்தது. இரண்டு வட்டங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நின்றன. பெர்சிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாணிக்கம்," என்று அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். கடை போர்டில் ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பெயரை மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியும். "மடக்கிட்டானா?"

"மடக்கிட்டான்ப்பா. ஒரு அடிகூட மேலே போகவிடல."

அவர் தொடையில் தட்டிக்கொண்டார். மறுபடியும், மறுபடியும் அந்தப் பெயர் வந்தது. மேனேஜர் அரட்டைப் பெட்டியில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மோதலையும் இப்போது அவள் கண் திறந்தே பார்த்தாள். வட்டங்கள் மோதின, பிரிந்தன, அவன் மீண்டும் வரிசையில் போய் நின்றான். கடைசிப் பகுதியில், கோட்டுக்கு மிக அருகில், அவனைவிட இரண்டு மடங்கு பலமுள்ள ஒருவன் முழு ஓட்டத்தில் வந்தான். முப்பத்தொன்று நேராகப் போய் மோதியது. வந்தவன் விழுந்தான். அடுத்த வரி சிவப்பில் வந்தது. அதிலும் அதே பெயர்.

ஆட்டம் தொடர்ந்தது. அந்த வட்டம் திரையில் இல்லை.

அப்பா குனிந்து பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "சிவப்பா என்ன போட்டிருக்கான்?"

 ஜெஸ்வின் விழுந்த அன்று நெடுஞ்சாலையிலிருந்து வந்த அழைப்பை எடுத்தவள் அவள்தான். இதே இடத்தில், இதே தராசுக்குப் பக்கத்தில் நின்று அப்பா என்ன என்று கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அவள் அவரிடம் சொன்னாள், காயம்தான்ப்பா, வாங்க போகலாம் என்று. ஸ்டான்லி வாசல் வரும் வரை ஆட்டோவில் அவர் அதையே கேட்டுக்கொண்டு வந்தார். காயம்தானே, காயம்தானேட்டி.

"காயம்தான்ப்பா," என்றாள்.

அவர் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஆட்டோவும் அவருக்கு ஞாபகத்தில் இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

"காயம்தானே?"

அவள் ஃபோனை எடுத்து, அந்தச் சிவப்பு வரியின் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள். தோள்பட்டை. இன்றைக்கு இனி ஆட முடியாது. அடுத்த சீசனுக்குள் ஆறிவிடும். மறைக்க ஒன்றுமில்லாததால் கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள்.

அப்பா கல்லாவின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். வெளியே ஒரு கன்டெய்னர் வண்டி திரும்ப வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"படுத்திருக்கும்போதும் புள்ளி வருமா?" என்று கேட்டார்.

"வரும்ப்பா."

"மிச்சத்தை நீ பாத்துக்கிடு," என்றார் அவர்.  வாசலில் யாரோ உப்பு கேட்டார்கள். அவர் எடுக்கப் போனார்.